தானியக் குதிரின் சாவி

(இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

'பசிக்குச் சாதி இல்லை' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் அந்த வரியோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அதை முதலில் போட்டு முடித்துவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

வயிற்றுக்குச் சாதி தெரியாது, சரி. அந்த வயிற்றுக்குச் சோறு வந்து சேருகிற பாதை இருக்கிறதே, அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. விளைகிற நிலம் யாருடையது? விளைந்ததை யார் குதிரில் கொட்டிப் பூட்டுகிறார்கள்? கடை எந்தத் தெருவில் இருக்கிறது? அளந்து போடுகிற கை யாருடையது, சமைக்கிற கை யாருடையது? இன்னார் ஏழை, இன்னார் ஏழை இல்லை என்று எழுதுகிற பேனா யாரிடம் இருக்கிறது? இத்தனையையும் தாண்டித்தான் ஒரு கவளம் சோறு வாய்க்கு வருகிறது.

எங்கள் காலனியிலிருந்து ரேசன் கடை ஒன்றரைக் கிலோமீட்டர். ஊர்த்தெருவின் நடுவில், ஒருவர் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறை. என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். சர்க்கரை என்றைக்குப் போடுகிறார்கள், மண்ணெண்ணெய் என்றைக்கு ஊற்றுகிறார்கள் என்பது ஊருக்குள் முந்தின இரவே தெரிந்துவிடும். எங்களுக்கு மறுநாள் மத்தியானம் தெரியும். கேள்விப்பட்டு ஓடினால், "சரக்கு தீந்துபோச்சு, அடுத்த வாரம் வா" என்பார்கள். அடுத்த வாரம் போனால் இன்னொரு நாள் கூலி போகும். எங்களை யாரும் சாதி சொல்லித் திட்டியதில்லை. குடும்ப அட்டை இருந்தது, கடையில் சரக்கு இருந்தது, விலையும் மலிவு. கணக்கு நோட்டில் பார்த்தால் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

இதைச் சொல்வதால் ரேசனைக் குறைத்துப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 1997இல் ஒன்றிய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று மக்களைப் பிரித்து அட்டை கொடுக்கச் சொன்னபோது, எல்லோருக்கும் உண்டு என்று நின்ற மாநிலம் இது. 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது நீதிக்கட்சிக் காலத்தில், 1920இல், சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. அப்புறம் காமராசர், எம்.ஜி.ஆர்., 1989க்குப் பிறகு முட்டை, 2022இல் காலை உணவு என்று நூறு வருடங்களாக நீண்டு வந்திருக்கிறது. இந்தச் சோறு இல்லாவிட்டால் நான் இங்கே மைக் முன்னால் நின்றிருக்க மாட்டேன். 'இலவசம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்' என்று சொல்கிறவர்கள் ஒரு வேளையாவது பசியோடு படுத்துப் பார்த்திருக்கிறார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

ஆனால் அரிசி மூட்டை கிடங்கிலிருந்து கிளம்புவது வரைக்கும்தான் அரசின் கணக்கு. கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் சாதியின் கணக்கு.

இது என் ஊரின் கதை மட்டுமில்லை. சுகதேவ் தோராட், ஜோயல் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களில் எடுத்த கணக்கு. சத்துணவும் ரேசனும் தலித்துகளுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்தார்கள். சோறு போடுகிற இடம் பெரும்பாலும் ஆதிக்கச் சாதித் தெருவில் இருப்பது, தலித் சமையலரை எதிர்ப்பது, பிள்ளைகளைத் தனியாக உட்கார வைப்பது எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2004 ஏப்ரலில், உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. மதிய உணவுக்குச் சமையலர்களையும் உதவியாளர்களையும் நியமிக்கும்போது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பது அது. என்னைக் கேட்டால் பசி பற்றிய சட்ட வரலாற்றில் இதைவிடக் கூர்மையான ஒரு வரி கிடையாது. கரண்டி யார் கையில் என்ற கேள்வியை நீதிமன்றமே எழுப்பிய தருணம் அது.

உத்தரவு காகிதத்தில் இருந்தது. 2018இல் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று கூட்டம் கூடி நின்றது. அந்த அம்மாவை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். எதிர்த்துப் போராடிய பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். 2021 டிசம்பரில் உத்தராகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தில் இதே கதை நடந்தது. மேல்சாதிப் பிள்ளைகள் தலித் சமையலரின் சோற்றைத் தொட மறுத்தார்கள். அவரை வேலையைவிட்டு எடுத்துவிட்டு மேல்சாதிப் பெண்ணை வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. தலித் பிள்ளைகள், அந்தம்மா சமைத்ததை எங்களால் சாப்பிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்! எந்தக் கட்சியும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியில் பழைய சமையலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே பந்தியில் உட்காருவதற்கே நம் முன்னோர்கள் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1917இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் புலையர்களோடு சேர்ந்து சாப்பிடும் விருந்தை நடத்தியபோது, அவருடைய ஈழவச் சாதியினரே அவரை ஒதுக்கிவைத்தார்கள். 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். அவர் அந்தப் பெயரைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். சேரன்மாதேவி குருகுலத்தின் தனிப்பந்தி பற்றி இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, 2020 ஊரடங்குக்கு வருகிறேன். உங்களில் பலர் அப்போது பொட்டலம் கட்டியிருப்பீர்கள். நானும் கட்டினேன். நல்ல வேலைதான், அந்த நேரத்தில் அதைத்தான் செய்ய முடியும். ஆனால் எங்கள் காலனிக்கு வந்த ஒரு நிவாரண வண்டி உள்ளே வரவில்லை. முகப்பில் இருக்கிற வேப்பமரத்தடியில் மூட்டைகளை இறக்கிவிட்டு, பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்க எங்கள் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டுப் படம் எடுத்துவிட்டுப் போய்விட்டது. என் சித்தி அந்தப் படத்தில் இருக்கிறார். அரிசி தேவைப்பட்டது, அதனால் நின்றார். வீட்டுக்கு வந்து அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு வெகுநேரம் யாரோடும் பேசவில்லை.

பசியைக் குறைக்க உள்ளூர் மக்களே ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசும்போது, பெரும்பாலும் நாம் இந்த அன்னதானத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறோம். கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு வரிசை. இதற்கு முற்றிலும் வேறான ஒரு முயற்சியைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். படித்தும், போய்ப் பார்த்துவிட்டு வந்த தோழர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

தெலங்கானாவில் ஜஹீராபாத் என்று ஒரு பகுதி இருக்கிறது. பழைய மேதக் மாவட்டம், இப்போது சங்காரெட்டி. மானாவாரி பூமி. கிணறு உள்ளவர்கள் கொஞ்சம் பேர். அங்கே தலித்துகளுக்கும் நிலம் உண்டு. நிலச்சீர்திருத்தத்தில் அரசு ஒப்படைத்த ஒன்றிரண்டு ஏக்கர். எப்படிப்பட்ட நிலம் என்று உங்களுக்கே தெரியும். வேறு யாரும் கேட்காத நிலத்தைத்தானே நமக்குக் கொடுப்பார்கள்? மேடும் கல்லுமாக, மண் கண்டம் இல்லாத நிலம். உழ மாடு இல்லை, எருப் போட வழி இல்லை. தரிசாகப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போனார்கள்.

1983இல் என்.டி.ராமராவ் முதல்வரானதும் கிலோ 2 ரூபாய் அரிசி வந்தது. பசியை ஆற்றியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அரிசி எங்கே விளைந்தது? தண்ணீர் பாய்கிற டெல்டாவில். அரசு கொள்முதல் செய்கிற பணம் அந்த நிலச்சொந்தக்காரர்களுக்குப் போனது. ஜஹீராபாத் தலித் பெண்ணின் காட்டில் விளையக்கூடிய சோளத்தை அரசு கொள்முதல் செய்யவில்லை. ரேசனில் மலிவாக அரிசி கிடைக்கும்போது, கடன் வாங்கிக் கல்லுக்காட்டைத் திருத்திச் சோளம் போடுவானேன் என்று நிலம் இன்னும் தரிசானது. ரேசன் அரிசியோ மாதம் முழுக்கக் காணாது. மிச்ச நாளுக்கு நிலக்காரரிடம்தான் தானியக் கடன். ஒரு மூட்டை வாங்கினால் அறுப்பில் ஒன்றரை மூட்டை அளக்க வேண்டும் என்பதெல்லாம் நம் பக்கமும் இருந்த வழக்கம்தானே.

இங்கேதான் தக்காண வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பு 1983லிருந்து வேலை செய்தது. தொடங்கியவர்கள் வெளியிலிருந்து வந்த படித்தவர்கள். முன்னணியில் இருந்த பி.வி.சதீஷ் தூர்தர்ஷனில் வேலை பார்த்தவர், 2023இல் மறைந்தார். ஆனால் ஊர்தோறும் அமைந்த சங்கங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் நிறையப் பேர். 1990களின் நடுவில் இந்தச் சங்கப் பெண்கள், எங்களுக்கு எங்கள் ஊரிலேயே விளைகிற ரேசன் வேண்டும் என்றார்கள். 30க்கும் மேற்பட்ட ஊர்களில் அது நடந்தது.

எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் சூட்சுமமே நடைமுறையில்தான் இருக்கிறது. தரிசு வைத்திருக்கிற சிறு விவசாயிக்கு உழவு, எரு, வரப்பு, விதை இவற்றுக்காக ஒரு முன்பணம். ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகத்திலிருந்து வந்த பணம் அது. திருப்பிக் கட்டும்போது காசாகக் கட்ட வேண்டாம், சோளமாகக் கட்ட வேண்டும். அப்படி வந்த சோளம் ஊரைவிட்டு வெளியே போகாது. ஊரிலேயே, பெண்கள் குழுவின் பொறுப்பில், வேப்பிலையும் சாம்பலும் போட்டுச் சேமிப்பில் இருக்கும். மழைக்காலத்தில், கையிருப்பு தீர்ந்து வேலையும் இல்லாத மாதங்கள் வருமே, நம் பக்கம் ஆடிப் பஞ்சம் என்பார்கள், அப்போது குதிரைத் திறந்து ஏழைக் குடும்பங்களுக்குச் சந்தை விலையைவிடக் குறைத்து விற்பார்கள். விற்ற காசு அடுத்த வருடச் சாகுபடிக்கு முதலாகும். 2,500 ஏக்கருக்கு மேல் தரிசு இப்படி உழவுக்கு வந்தது. உழவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கே கூலி கிடைத்தது. தட்டை மாட்டுக்குத் தீவனமானது. மாடு எரு போட்டது.

யாருக்கு அட்டை என்பதை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? அதிகாரி வந்து கணக்கெடுக்கவில்லை. ஊர் நடுவில் எல்லோரும் கூடி, தரையில் ஊரின் படத்தை வரைந்தார்கள். ஒவ்வொரு வீடாகப் பேசினார்கள். இந்த வீட்டில் சம்பாதிக்கிற கை எத்தனை, அந்தம்மா கைம்பெண்ணா, பிள்ளை பண்ணையில் அடமானமாக இருக்கிறானா, மாடு உண்டா, எத்தனை மாதம் சொந்தத் தானியத்தில் சாப்பிடுகிறார்கள் என்று. அதன்படி வறுமையைப் பல படிகளாகப் பிரித்து, மிகவும் இல்லாதவருக்கு அதிகம், அவரைவிடச் சற்று மேலே உள்ளவருக்குக் குறைவு என்று ஒதுக்கினார்கள். டெல்லியில் உட்கார்ந்து இத்தனை கலோரி, இத்தனை ரூபாய் என்று கோடு போட்டு அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அதே காலம் இது. ஒரு சேரிப் பெண் கோலை எடுத்து, 'இந்த வீடு இந்தப் படியில்' என்று ஊர் முன்னால் சொல்கிறாள். அவளிடம்தான் தானிய அறையின் சாவியும் இருக்கிறது. நேற்று வரைக்கும் அவள் பின்வாசலில் நின்று கூலிக்குப் பதில் தானியம் வாங்கியவள்.

இதைச் சொல்லும்போது ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். கம்பு, சோளம், கேழ்வரகு என்று பழம்பெருமை பேசி மறுபடி தலித்துகளைக் கிராமத்தில் கட்டிப்போடுகிறீர்களா என்று. நியாயமான கேள்வி. கிராமத்தைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பு அவையில் என்ன சொன்னார் என்பதை மறந்துவிட்டு யாரும் இந்த மேடையில் பேச முடியாது. நம் பாட்டிகளுக்கு நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். அது பண்ணையார் வீட்டுச் சோறு. ரேசனில் அரிசி வந்தபோது வயிறு மட்டும் நிறையவில்லை, அவர்கள் சாப்பிடுவதை நாமும் சாப்பிடுகிறோம் என்ற நிமிர்வும் வந்தது. அதைப் பறித்து, 'உங்கள் பாரம்பரிய உணவுக்குத் திரும்புங்கள்' என்று யாராவது சொன்னால் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதுவும் நகரத்து அங்காடிகளில் சாமையும் தினையும் என்ன விலை விற்கிறது என்று பாருங்கள். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. விருந்து மேசையில் கம்பு தோசை வந்தது. கம்பு விளைவித்தவள் அந்த மேசையில் இருந்தாளா?

ஜஹீராபாத் பெண்கள் சோளத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அவர்கள் பேசியது சொந்த நிலம், சொந்த விதை, சொந்தக் கிடங்கு பற்றி. ஒரே காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களைக் கலந்து போடுவார்கள், மழை ஏமாற்றினாலும் ஏதாவது ஒன்று கைக்கு வரும் என்பதற்காக. நிலமில்லாதவர்கள் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார்கள். ரேசனில் சிறுதானியத்தையும் சேருங்கள் என்று அவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வற்புறுத்தியதன் பலனாக, 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுதானியமும் கிலோ 1 ரூபாய் என்று இடம்பெற்றது. சட்டத்தில் ஏறியது எல்லாம் கடைக்கு வந்துவிட்டதா என்பது வேறு விஷயம்.

இந்த முயற்சிக்கு எல்லைகளும் உண்டு. சில பத்து ஊர்கள். தொடக்கத்தில் அரசுப் பணம் இருந்ததால்தான் முடிந்தது. அரசைக் கைகழுவச் சொல்லுகிறவர்கள், 'பாருங்கள், மக்களே பார்த்துக்கொள்கிறார்கள்' என்று இதைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. எட்டுக் கோடிப் பேர் வாழும் மாநிலத்துக்கு ரேசன்தான் சோறு. ரேசனும் இருக்கட்டும், அதன் மேல் நம் கையும் இருக்கட்டும் என்கிறேன்.

நம் ஊரில் இதை யோசித்தால் உடனே வந்து நிற்பது பஞ்சமி நிலம். 1892இல் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு வெள்ளைக்கார அரசு ஒதுக்கியது, 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அது எங்கே என்று கேட்டு 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். பசியைப் பற்றிய கூட்டத்தில் அந்த இரண்டு பேரை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. அன்னதானம் என்றால் போஸ்டர் ஒட்டுகிறார்கள், நிலம் என்றால் போலீஸ் வருகிறது.

அது பெரிய போராட்டம், ஒரு நாளில் முடியாது. அதுவரைக்கும் நம்மால் செய்ய முடிந்த வேலை நிறைய இருக்கிறது. இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கிராமத்திலிருந்து வந்தவர்கள்தான். உங்கள் காலனியிலிருந்து ரேசன் கடை எவ்வளவு தூரம் என்று அளந்து வாருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது காலனியிலேயே திறக்கிற பகுதி நேரக் கடை கேட்டு மனு எழுதுங்கள். பல ஊர்களில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். எந்தப் பொருள் என்றைக்குப் போடுகிறார்கள் என்று பலகையில் எழுதச் சொல்லுங்கள், அந்தப் பலகை காலனியிலும் இருக்கட்டும். காலை உணவு சமைக்கிறவர் யார், அவரை யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று போய்க் கேளுங்கள். அவர் பயந்திருந்தால் பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த கிராம சபையில் இதையெல்லாம் தீர்மானமாக வையுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு மூடிவிடப் பார்ப்பார்கள். உட்கார்ந்திருங்கள்.

இன்னொன்று. கிராம சபைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், காலனிப் பெண்களைக் கூட்டி, தரையில் கோலமாவால் ஊரை வரையச் சொல்லுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அவர்கள் சொல்லட்டும். நீங்கள் நோட்டு எடுத்துக்கொண்டு ஓரமாக உட்காருங்கள், குறுக்கே பேசாதீர்கள். பையன்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம், தெரியும். நான் போன மாதம் எங்கள் காலனியில் தொடங்கிவிட்டேன். நாற்பது வீடு வரைந்ததும் இருட்டிவிட்டது, மிச்சத்தை வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறோம். வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். மாவு ஐந்து கிலோ வேண்டும், அதை மட்டும் யாராவது வாங்கி வந்துவிடுங்கள்.